சுவரில் சிரிப்பவர்கள்

சென்னையில் சில வருஷங்களாக ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பதினைந்து பேர் கூடி ஒரு பேட்டைக்குள் நடந்து போகிறார்கள். பூங்காவில் கொஞ்ச நேரம் உட்காருகிறார்கள். சுவரோவியம் இருந்தால் அதன்முன் நிற்கிறார்கள். சந்தில் இருக்கிற டிபன் கடையில் சாப்பிட்டுவிட்டு, ‘இந்த ஏரியாவோட உயிரே இங்கதான் இருக்கு’ என்று சொல்லிக் கலைகிறார்கள். ஒரு பகுதியை அறிய மூன்று அடையாளம் போதும் என்பது அவர்கள் கணக்கு: பூங்கா, பொதுக்கலை, உள்ளூர்க் கடை. மயிலாப்பூருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் போய்க்கொண்டிருந்த இந்தக் கால்கள் 2020க்குப் பிறகு கண்ணகி நகரையும் தேடி வருகின்றன.

நான் கண்ணகி நகர்க்காரி. இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே குடியிருக்கிறேன். வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன். ஆனால் பூங்கா, படம், கடை என்று மூன்றை எண்ணிவிட்டு ஊரையே பார்த்துவிட்டதாக எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அந்த மூன்றையும் அவர்கள் வரிசையிலேயே எடுத்துப் பேசுகிறேன். அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

1. நடை

தெருவில் நடப்பது மூச்சு விடுவதுபோல இயல்பான காரியம் என்று யாரால் நினைக்க முடியும்? நடக்கும்போது ஒருநாளும் தடுக்கப்படாதவரால் முடியும். எங்களுக்கு அது தீர்மானம் போட்டு வாங்கிய உரிமை. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கலாம், அரசு அலுவலகத்துக்குள் போகலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணை வந்தது. நடப்பதற்கு ஓர் அரசாணை தேவைப்பட்ட நாடு இது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகச் சிறைக்குப் போனார்கள். 1927இல் மகாடு குளத்துத் தண்ணீரைத் தொட அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு நடந்தார். பொது இடம் என்ற சொல்லுக்கு எங்கள் வரலாற்றில் இருக்கிற பொருள் வேறு.

நூறு வருஷம் கழிந்துவிட்டது. இன்றும் தியாகராய நகரிலோ அடையாறிலோ எங்கள் பையன்கள் இரவில் நடந்து போனால் கேட்கப்படுகிற கேள்வி, ‘எந்த ஏரியாடா?’ என்பதுதான். ‘கண்ணகி நகர்’ என்று பதில் வந்ததும் பையைத் திறக்கச் சொல்வார்கள், போனை வாங்கிப் பார்ப்பார்கள். கழுத்தில் கேமராவோடு எங்கள் தெருவுக்குள் வருகிறவர்களை யாரும் எந்த ஏரியா என்று கேட்பதில்லை. எங்கள் ஆயாக்கள் அவர்களைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘வெயில்ல வந்துகீற, தண்ணி குடிக்கிறியா கண்ணு?’

ஒருத்தர் நடந்தால் அது உலா. இன்னொருத்தர் நடந்தால் சந்தேகக் கேஸ். நகரத்தை நடந்து அறிவோம் என்று அழைக்கிற நண்பர்கள் முதலில் இந்த ஓரவஞ்சனையை அறியவேண்டும்.

2. பூங்கா

பூங்கா என்றால் எல்லோருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னையில் அந்தப் ‘பொது’ என்ன ஆனது என்று பாருங்கள். கவர்னர் டிரெவிலியன் காலத்தில், 1859–60 வாக்கில், இன்றைய சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில் ஒரு பெரிய பூங்கா அமைந்தது. அதன் பெயரே ‘பீப்பிள்ஸ் பார்க்’, மக்கள் பூங்கா. பிறகு அந்த நிலத்தில் விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. பூங்கா தேய்ந்துபோனது. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று பெயர் மட்டும் நிற்கிறது. மக்கள் பெயரில் இருக்கிற நிலம் என்றால் அதன்மேல் கைவைக்க அரசுகளுக்குக் கூச்சமே இருப்பதில்லை.

இந்த நூற்றாண்டில் பூங்காக்கள் திரும்பி வந்திருக்கின்றன. 2010இல் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா. 2011இல் அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா. 2024 அக்டோபரில் செம்மொழிப் பூங்காவுக்கு எதிரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. இந்தக் கடைசிப் பூங்கா திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய். புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க உள்ளே போக 300 ரூபாய் ஆகிறது. கயிற்றில் தொங்கிப் போகிற விளையாட்டுக்குத் தனியாக 250. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021இல் அறிவித்தார்கள். நல்ல காரியம், நானும் தினம் அதில்தான் போகிறேன். அந்தப் பேருந்தில் ஏறி ஒரு மணிநேரத்துக்கு மேல் பயணம் செய்து பூங்கா வாசலில் இறங்கினால் அங்கே டிக்கெட் கேட்கிறார்கள். பேருந்து வேலைக்குப் போவதற்கு, அதனால் இலவசம். பூங்கா சும்மா உட்காருவதற்கு. வீட்டுவேலை செய்கிறவள் சும்மா உட்காருவதை இந்த நகரம் ஒருகாலும் ஒப்புக்கொண்டதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகிய மூன்று நீர்நிலைகளின் கரைகளிலிருந்தும் நகரின் உள்ளே இருந்த குடிசைகளிலிருந்தும் கிளப்பப்பட்ட ஜனங்கள்தான் கண்ணகி நகர். 2000 வாக்கில் குடியேற்றம் தொடங்கியது. இன்று ஏறக்குறைய 15,000 வீடுகள். பெரும்பான்மையோர் தலித்துகள். 2004 சுனாமிக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலி செய்த கரையில் வேலி போட்டார்கள், மரம் நட்டார்கள், நடைபாதை போட்டார்கள். நதி மீட்பு என்றார்கள். நாங்கள் கரையில் இருந்தபோது அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. அதே ஆற்றோரத்தில் பத்து மாடி எழும்பினால் அதற்குப் பெயர் வளர்ச்சி.

ஆற்றைக் காப்பாற்ற எங்களைக் கிளப்பியவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பில். அந்தச் சதுப்பின் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வடிகிற ஒக்கியம் மடுவின் பக்கத்தில். வெள்ளம் வரும், ஆபத்து என்று சொல்லித்தான் கரையிலிருந்து லாரியில் ஏற்றினார்கள். இறக்கிவிட்ட இடம் தென்சென்னையின் தண்ணீரெல்லாம் வந்து சேருகிற வழி. 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பறவைகளுக்குச் சர்வதேசப் பாதுகாப்பு, சந்தோஷம். அந்தச் சதுப்பைப் பல வருஷமாகப் பெருங்குடிக் குப்பைமேடும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்களும் தின்று வந்ததை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லி லாரி கொண்டுவரவில்லை.

எங்கள் ஊரில் பூங்கா இல்லையா என்று கேட்பீர்கள். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் எங்கள் பூங்கா. சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து பேன் பார்ப்பதும் பூக்கட்டுவதும் சண்டை போடுவதும் அங்கேதான். பையன்களும் பெண்பிள்ளைகளும் கபடி ஆடுவார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா எங்கள் ஊர்ப் பெண். அன்றைக்கு எல்லாப் பத்திரிகையும் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று எழுதின. எங்கள் ஊர்ப் பெயர் குற்றச் செய்தி இல்லாமல் முதல் பக்கத்துக்கு வந்ததை அன்றுதான் என் ஆயா பார்த்தாள். ‘இந்தப் பொண்ணு நம்ம பேரைக் கழுவிட்ச்சிடி’ என்றாள். அந்தப் பேரில் அழுக்கு பூசியது யார் ஆயா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பத்திரிகையை மடித்து அரிசி டப்பாவுக்கு மேல் வைத்தாள்.

3. பெயர்

பெயரைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டது. புலவர்கள் கொதித்தார்கள், கட்சிகள் கொதித்தன, தமிழ் மானம் போய்விட்டது என்று கூட்டம் போட்டார்கள். 2006இல் ஆட்சி மாறியதும் கண்ணகி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டாள். கல்லுக்கு மறுகுடியமர்வு ஐந்தே வருஷத்தில் கிடைத்தது. அதே வருஷங்களில்தான் உயிரோடு இருக்கிற பெண்களைப் பெட்டிபடுக்கையோடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளி, அந்த இடத்துக்குக் கண்ணகியின் பெயரை வைத்திருந்தார்கள். எங்களைப் பழைய இடத்தில் திரும்ப வைக்கவேண்டும் என்று எந்தப் புலவரும் கொதிக்கவில்லை.

கண்ணகியே எங்களுக்கு யார் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. மதுரையை எரிக்கும்போது அவள் தீக்கடவுளிடம் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று கொடுக்கிறாள். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிடச் சொல்கிறாள். பட்டியல் தொடங்குவதே பார்ப்பனரில். பசுவும் தப்பிக்கிறது. மதுரையின் விளிம்பில் மலம் அள்ளியவனும் பிணம் சுட்டவனும் அந்தப் பட்டியலில் எந்த இடத்தில் வருகிறான்? நீதி கேட்ட பெண் என்று அவளைக் கொண்டாடுகிறவர்கள் அந்த நீதியின் அளவுகோலையும் சேர்த்துப் படிக்கட்டும்.

பெயர் வைப்பது இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, ஒரு பள்ளனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டத்தில் கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லா மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. தலித் பெயர் வந்தால் பெயர்ப் பலகையையே கழற்றிவிடுகிற சமூகம், தலித்துகளைக் குவித்த இடத்துக்கு மட்டும் காப்பியப் பெயர் வைத்து அழகு பார்க்கிறது. பக்கத்துக் குடியிருப்புக்குப் பெயர் எழில் நகர். குடிசை மாற்று வாரியம் என்ற பெயரையும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். எல்லாம் தூய தமிழ்தான். ஜனங்கள் வாயில் இன்னமும் ‘போர்டு வூடு’தான்.

பெயரால் வருகிற சேதாரத்தை நான் நேரில் பட்டிருக்கிறேன். கல்லூரி முடித்த வருஷம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு அந்த அம்மா நிமிர்ந்து, ‘இது அந்தக் கண்ணகி நகரா?’ என்றார். அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். எங்கள் மாடிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். கூப்பிடவில்லை. எதிர்வீட்டு அத்தை சொன்னாள்: ‘துரைப்பாக்கம்னு எழுத வேண்டியதுதானே? எல்லாரும் அப்டித்தான் எழுதுறாங்க.’ சாதியை மறைக்கத் தாத்தாக்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பேத்திகள் இப்போது ஊர்ப் பெயரை மறைக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் காட்டாமலே சாதி தெரிகிறது, பின்கோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

4. சுவர்

2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு ஏசியன் பெயிண்ட்ஸ் கம்பெனியின் ஆதரவோடு எங்கள் பிளாக்குகளின் பக்கச் சுவர்களில் மாடியுயரத்துக்கு ஓவியங்கள் தீட்டியது. கண்ணகி நகரைக் ‘கலை வட்டாரம்’ என்று அறிவித்தார்கள். பறவைகள், கைகள், பெண்கள், சிரிக்கிற பிள்ளைகளின் முகங்கள். வரைந்த பிள்ளைகள் வெயிலில் தொங்கிக்கொண்டு உழைத்ததைக் கண்ணால் பார்த்தேன். அவர்கள் கை சுத்தமான கை. எங்கள் பிள்ளைகளும் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், எடுத்துக்கொள்ளட்டும். வண்ணம் யாருக்குத்தான் பிடிக்காது? நான் பேசுவது ஓவியனோடு இல்லை. அந்தச் சுவரை அவனுக்குக் கொடுத்தவர்களோடு.

வாரியத்தின் வாசகம் உங்களுக்குத் தெரியும்: ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம். 1970இல் வாரியம் அமைந்த காலந்தொட்டு இந்த வாசகத்தைப் பார்த்துவருகிறோம். நான் அடிக்கடி நினைப்பது உண்டு: ஏன் ஏழையின் சிரிப்பில் மட்டும் காண்கிறார்கள்? ஏழையின் கோபத்தில் கண்டால் என்ன? ஏழையின் மனுவில் காணக்கூடாதா? சிரிக்கிற ஏழையால் ஆபத்தில்லை, அதனால் சிரிப்பில் கண்டால் போதும். அந்த வாசகத்துக்கு ஐம்பது வருஷம் கழித்து வரைந்த படவிளக்கம்தான் எங்கள் சுவர்களில் சிரிக்கிற முகங்கள்.

சுவருக்கு வெளிப்பக்கம் நாற்பதடி முகம். உள்பக்கம் என்ன? தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. அதில் அப்பா, அம்மா, ஆயா, வயதுவந்த அண்ணன், வயதுவந்த தங்கச்சி. ஒருத்தர் உடை மாற்ற நாலு பேர் வெளியே போகவேண்டும். சுவரில் இருக்கிற முகத்தின் கண்ணே எங்கள் வீட்டைவிடப் பெரிது என்று பையன்கள் கேலி செய்வார்கள். கேலிதான். வண்ணம் பூசுவதற்கு முன்னால் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், விரிசலை அடைத்தார்கள், அடிப்பூச்சு பூசினார்கள். வெளியே தெரிகிற பக்கத்துக்கு மட்டும்.

இன்னொரு கேள்வி. அதற்கு முன்னால் எங்களிடம் பொதுக்கலை இல்லையா? சாவுக்குச் சாவு கானா கேட்ட தெரு இது. பறையும் கானாவும் பொது இடத்துக் கலைகள்தான். அவற்றை ‘சத்தம்’ என்று சொல்லி ராத்திரியில் வந்து நிறுத்திய அதே நகரம், 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறிய பிறகுதான் அதற்குக் காதுகொடுத்தது. சுவர் எங்களுக்குப் புதிது இல்லை. வடசென்னையில் ஒரு சுவரை எந்தக் கட்சி பிடிப்பது என்பதற்காகக் கொலை விழுந்ததை ‘மெட்ராஸ்’ படத்தில் 2014இல் ரஞ்சித் காட்டினார். சுவர் யாருக்குச் சொந்தம் என்று கேட்ட படம் அது. கடைசியில் அந்தச் சுவரின்மேல் நீலத்தை வீசுகிறார்கள். சுவர் யாருடையது என்ற கேள்வியைக் கேட்காத எந்தச் சுவரோவியமும் எங்களுக்கு விளம்பரப் பலகைதான்.

பேனர் எழுதுகிற ஓவியர்கள் எங்கள் சேரிகளில் எத்தனை பேர் இருந்தார்கள்! சினிமா, கட்சி, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் தூரிகையால் முகம் எழுதியவர்கள். பிளெக்ஸ் வந்து அவர்கள் கையை முடக்கியது. அண்ணா சாலைச் சுவர்களில் மாநகராட்சி தமிழ்ப் பண்பாட்டுப் படங்கள் எழுத வைத்தபோது அவர்களில் சிலருக்குக் கொஞ்சநாள் வேலை கிடைத்தது. அங்கே என்ன எழுதச் சொன்னார்கள்? கோயில், கோபுரம், பரதம், ஜல்லிக்கட்டு. சேரியில் பிறந்த ஓவியன் சேரியை எழுத அந்தச் சுவரில் ஒரு முழம்கூட ஒதுக்கவில்லை.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். சென்னைக்கு வருகிற எல்லோரும் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெண்கல உழைப்பாளிக்குக் கடற்கரையில் இடம் உண்டு. எலும்பும் தோலுமாக இருக்கிற உழைப்பாளி கடற்கரையை ஒட்டிக் குடியிருந்தால் ஆக்கிரமிப்பாளன்.

தமிழ்நாட்டின் மிக முக்கியமான பொதுக்கலை எது என்று என்னைக் கேட்டால், கூண்டுக்குள் நிற்கிற அம்பேத்கர் சிலை என்பேன். ஊர் ஊராக, முச்சந்தி முச்சந்தியாக, கூலிக்காசில் ஐந்தும் பத்தும் போட்டு எங்கள் ஜனங்கள் எழுப்பிய சிலைகள். யாராவது கையை உடைப்பான், தலையை உடைப்பான், அதனால் கலவரம் வரும் என்று சொல்லி அதைச் சுற்றிக் கம்பி போட்டது அரசாங்கம். அரசியல் சட்டத்தை எழுதியவர் உள்ளே நிற்கிறார், அதை மீறுகிறவர்கள் வெளியே நடக்கிறார்கள். இதைவிட உண்மை பேசுகிற ஒரு சிற்பத்தை எந்தக் கலைஞனும் செய்துவிட முடியாது. கலை பார்க்க நடக்கிறவர்கள் இதன்முன் ஏன் நிற்பதில்லை? இதை ஏன் எந்த நடைவரைபடமும் குறிப்பதில்லை?

5. கடை

மூன்றாவது அடையாளம் உள்ளூர்க் கடை. ‘உள்ளூர் வியாபாரத்தை ஆதரிப்போம்’ என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். நல்லது. எங்கள் வியாபாரத்தைக் கொன்றது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கரையில் இருந்தபோது என் அம்மா பூ விற்றாள். விடியற்காலை மார்க்கெட்டில் உதிரி வாங்கி, கட்டி, எட்டு மணிக்குள் கோயில் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் நடக்கிற தூரம். பக்கத்துவீட்டு அக்கா மீன். எதிர்வீட்டு அண்ணன் காயலான் கடை. இங்கே வந்து இறங்கிய மறுநாள் எல்லோருடைய தொழிலும் செத்தது. வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கலாம். வாடிக்கையைத் தூக்கி வைக்கமுடியாது. பதினைந்தாயிரம் ஏழை வீடுகளை ஒரே இடத்தில் குவித்தால் யார் யாரிடம் பூ வாங்குவது? ‘அங்க வூடு இல்ல, பொழப்பு இருந்திச்சு. இங்க வூடு கீது, பொழப்பு இல்ல’ என்று அம்மா சொல்வாள். நகர்ப்புற ஆய்வாளர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியதன் சாரம் அவ்வளவுதான்.

பிறகு அம்மா வீட்டுவாசலில் இட்லிக்கடை போட்டாள். கொஞ்சம் பெரிதாக்க ஐம்பதாயிரம் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். முகவரியைப் பார்த்த அதிகாரி, ‘அந்த ஏரியாவுக்கு நாங்க குடுக்கிறதில்லம்மா’ என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அடமானம் வைக்க வீட்டைக் காட்டலாமா? கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. விற்பனைப் பத்திரம் இல்லாத வீட்டை எவன் அடமானமாக ஏற்பான்? தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் 2023இல் மாநில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது; முதலீட்டில் 35 விழுக்காடு, ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். வரவேற்கிறேன். ஆனால் திட்டம் கோட்டையில் இருக்கிறது, கையெழுத்து வங்கி மேசையில் இருக்கிறது. அந்த மேசையில் ‘எந்த ஏரியா?’ என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் அம்மா கந்துவட்டிக்குத்தான் வாங்கினாள். எங்கள் ஊரின் மிகப் பெரிய உள்ளூர் வியாபாரம் அதுதான், கந்துவட்டி. நடை வருகிறவர்கள் அதைப் படம் எடுக்கமுடியாது.

தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கவேண்டும், விற்க இடம் ஒதுக்கவேண்டும், வியாபாரிகளையும் குழுவில் உட்காரவைத்து முடிவெடுக்கவேண்டும் என்கிறது சட்டம். இன்னும் தள்ளுவண்டியைத் தள்ளிவிட லத்திதான் வருகிறது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். நகரத்து நாக்குக்குச் சேரியின் சுவை இப்போது பிடித்திருக்கிறது. மாட்டுக்கறி பிரியாணியும் சுக்காவும் தேடி வருகிறார்கள். வாங்க, சாப்பிடுங்க. ஆனால் 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. உடனே மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே ஒத்திவைத்தார்கள். எங்கள் சட்டியையும் சேர்த்து அடுப்பேற்றுவதைவிட எல்லா அடுப்பையும் அணைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. தனியாகச் சந்தில் தின்றால் ‘உள்ளூர்ச் சுவை’. அரசு மேடையில் தின்னக் கேட்டால் சட்டம் ஒழுங்கு.

6. கேட்பது

2025 ஆகஸ்டு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதியிலிருந்து 13 நாள் ரிப்பன் மாளிகை வாசலில், பழைய மக்கள் பூங்காவின் மண்ணில், தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. பத்தே நாள் கழித்து, 23ஆம் தேதி விடியற்காலை, கண்ணகி நகரில் வேலைக்குப் போன ஒரு தூய்மைப் பணியாளர் பெண் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் கால் வைத்தார். அடியில் மின்கசிவு இருந்தது. அங்கேயே செத்துப்போனார். ஓவியங்கள் இருக்கிற ஊரின் தெருவில், ஊரைச் சுத்தம் செய்யப் போனவர். சுவருக்கு அவ்வளவு வண்ணம் பூசத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேபிளை ஒழுங்காகப் புதைக்கத் தெரியவில்லை. அழகு எங்கே முதலில் செலவழிக்கப்படுகிறது, உயிர் எங்கே கடைசியில் எண்ணப்படுகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். இனி ஒரு குடும்பத்தையும் இருபது கிலோமீட்டர் தள்ளாதே. இருக்கிற இடத்திலேயே வீடு கட்டிக்கொடு. இங்கே வந்துவிட்டவர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணையோடு நிறுத்தாமல் பத்திரம் கொடு. மக்கள் பணத்தில் கட்டுகிற பூங்காவின் வாசலில் டிக்கெட் மேசையைப் போடாதே. சுவரில் என்ன வரைவது என்று அந்தச் சுவருக்குள் குடியிருப்பவர்கள் தீர்மானிக்கட்டும். வரைகிற கூலி முதலில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வரட்டும். 2014 சட்டத்தைத் தள்ளுவண்டிவரைக்கும் கொண்டு வா. முகவரி பார்த்துக் கடனையும் வேலையையும் மறுப்பது சாதி பார்ப்பதுதான் என்று சட்டத்தில் எழுது.

எழுத்தாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணகி நகரைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்க, உங்கள் ஆபீஸ் கக்கூஸ் கழுவ, உங்கள் தெருக் குப்பை அள்ள இந்த ஊரே இருட்டில் நின்றுகொண்டிருக்கும். எங்களோடு ஏறி, நின்றுகொண்டே வந்து, நகரத்தில் இறங்குங்கள். யாரும் அங்கே சிரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். தூக்கம் இருக்கும், அவசரம் இருக்கும், கோபமும் இருக்கும். அந்த முகங்களை எழுதுங்கள்.